கசான்: மொஸ்கோவின் முஸ்லிம் வாசல்

2005ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், சில நாள் இடைவெளியில், இரண்டு காரியங்கள் நடந்தன. வொல்கா நதிக்கரையிலுள்ள கசான் நகரின் பழைய கோட்டைக்குள் ஜூன் 24ஆம் திகதி குல் ஷரீப் பள்ளிவாசல் திறந்து வைக்கப்பட்டது. அதே மாத முடிவில் யெமன் தலைநகர் ஸன்ஆவில் கூடிய இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் வெளிநாட்டமைச்சர்கள், ரஷ்யாவை அவதானிப்பாளர் நாடாக ஏற்றுக்கொண்டார்கள். தனித்தனியாக வாசித்தால் இரண்டுமே நல்ல செய்திகள்தான். சேர்த்து வாசிக்கும்போதுதான் சில கேள்விகள் எழுகின்றன. அப்படிச் சேர்த்து வாசிக்கும் ஒரு முயற்சியே இக்கட்டுரை.

ரஷ்யாவையும் முஸ்லிம்களையும் பற்றிப் பேச்சு வந்தால் எங்கட ஆக்களுக்கு ஆப்கானிஸ்தான், செச்னியா, சிரியா என்ற மூன்று பெயர்கள் போதும். மூன்றும் யுத்தங்கள். யுத்தம் நடக்காத இடத்தைப் பற்றி யார் எழுதப்போகிறார்கள்? ஆனால் சோவியத் யூனியன் உடைந்த பிறகு ரஷ்யாவின் எல்லைக்குள்ளே சிக்கிக்கொண்ட முஸ்லிம் சமூகங்களில் மிகப் பெரியது தத்தார் சமூகம். அவர்களுடைய குடியரசான தத்தாரிஸ்தானில் ஒரு துப்பாக்கி வேட்டும் இல்லாமல் கால் நூற்றாண்டு அரசியல் போராட்டமொன்று நடந்தது. அது எப்படித் தொடங்கியது, எப்படித் தேய்ந்தது என்பதை அறியாமல், இன்றைய ரஷ்யா முஸ்லிம் நாடுகளை நோக்கி நீட்டும் கையை விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் கருத்து.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். பக்தாதை அழித்த “தார்த்தாரியர்” என்று நாங்கள் சரித்திரத்தில் படித்தவர்கள் ஹூலாகுவின் மங்கோலியப் படையினர். கசான் தத்தார்கள் துருக்கிய மொழி பேசும் வொல்கா நதிக்கரை மக்கள். அவர்கள் தங்கள் மூதாதையராகக் கருதும் வொல்கா புல்கார்களின் மன்னருடைய வேண்டுகோளின் பேரில், அப்பாஸிய கலீபா அல்முக்ததிர் அனுப்பிய தூதுக்குழு 922ஆம் ஆண்டு அங்கு போய்ச் சேர்ந்தது. அந்தக் குழுவில் சென்ற இப்னு பழ்லான் எழுதிய பயணக்குறிப்பு இன்றும் கிடைக்கிறது. அதாவது, கியெவ் இளவரசர் விளாடிமிர் 988இல் கிறிஸ்தவத்தைத் தழுவுவதற்கு அறுபத்தாறு வருடங்களுக்கு முன்னரே வொல்காவில் இஸ்லாம் நிலைபெற்றுவிட்டது. “ரஷ்யாவுக்கு வந்து குடியேறிய முஸ்லிம்கள்” என்று அவர்களைச் சொல்ல முடியாது. ரஷ்யாதான் அவர்களிடம் வந்தது.

வந்த விதம் கொடூரமானது. 1552 ஒக்டோபரில் இவான் மன்னனின் படை கசானை முற்றுகையிட்டுக் கைப்பற்றியது. நகரைக் காக்கப் போராடி உயிர்நீத்தவர்களில் தலைமை இமாம் குல் ஷரீபும் ஒருவர். அந்த வெற்றியின் ஞாபகமாகக் கட்டப்பட்டதுதான், மொஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் பல வண்ணக் குவிமாடங்களோடு நிற்கும் புனித பசில் தேவாலயம். ரஷ்யாவின் அடையாளமாக உலகமெங்கும் தபாலட்டைகளில் பார்க்கும் அந்தக் கட்டடம், ஒரு முஸ்லிம் தலைநகரின் வீழ்ச்சிக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அதன் பிறகான இருநூறு வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். பள்ளிவாசல் இடிப்பும் கட்டாய மதமாற்றமும் நிறைந்த காலம் அது. 1740களில் மட்டும் கசான் மாகாணத்திலிருந்த 536 பள்ளிவாசல்களில் 418 இடிக்கப்பட்டன. பேரரசி இரண்டாம் கத்தரீன் காலத்தில் கொள்கை மாறியது. 1767இல் அவர் கசானுக்கு வந்தார். கல்லால் பள்ளிவாசல் கட்ட அனுமதி கிடைத்தது. 1788இல் முஸ்லிம்களுக்கென முப்தியின் தலைமையில் ஒரு மார்க்க சபையையும் அவர் ஏற்படுத்தினார். அது தயாளமா தந்திரமா என்று வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கிறார்கள். மத்திய ஆசியாவை நோக்கிப் போகும் வியாபாரப் பாதையில் தத்தார் வணிகர்களும் ஆலிம்களும் பேரரசுக்குத் தேவைப்பட்டார்கள் என்பது மட்டும் தெளிவு. முஸ்லிம் உலகுக்குப் போகும் பாதையில் தத்தார்களை முன்னே நிறுத்துவது புட்டின் கண்டுபிடித்த வித்தையல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்த வாய்ப்பைத் தத்தார்கள் வீணாக்கவில்லை. 1803இல் கசானில் அல்குர்ஆன் அச்சாகியது. ஷிஹாபுத்தீன் மர்ஜானி போன்ற உலமாக்கள் மத்ரஸாக் கல்வியைச் சீர்திருத்தும் விவாதங்களைத் தொடக்கிவைத்தார்கள். பெண்கள் உட்பட வாசிக்கத் தெரிந்த ஒரு சமூகம் அங்கே உருவானது. அவர்கள் வாசித்தது அரபு எழுத்தில் எழுதிய தத்தார் மொழியை.

இங்கே கொஞ்சம் நின்று போகவேண்டும். 1927இல் சோவியத் அரசு தத்தார் மொழியை அரபு எழுத்திலிருந்து லத்தீன் எழுத்துக்கு மாற்றியது. 1939இல் அதையும் எடுத்துவிட்டு ரஷ்ய மொழியின் சிரிலிக் எழுத்தைப் புகுத்தியது. எங்கள் வீடுகளிலும் அரபுத் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த உம்மம்மாமார் இருந்தார்கள். அந்த எழுத்து எங்களிடமிருந்து மெல்ல நழுவிப்போனது. யாரும் சட்டம் போட்டுப் பிடுங்கவில்லை. அவர்களுக்கோ பன்னிரண்டே வருடத்தில் இரண்டு தடவை. பேரன் எழுதுவதைப் பாட்டனார் வாசிக்க முடியாது. பாட்டனாரின் கிதாபுகளைப் பேரன் திறக்கவும் முடியாது. ஆயிரம் வருட நூலகத்தின் சாவி ஒரு தலைமுறைக்குள் தொலைந்தது. பின்னால் வரப்போகும் எழுத்துச் சண்டையை விளங்கிக்கொள்ள இது முக்கியம்.

சோவியத் காலத்தின் இன்னொரு முடிவு, இதைவிடப் பெரிய விளைவைத் தந்தது. 1920இல் தத்தார்களுக்குக் கிடைத்தது “சுயாட்சிக் குடியரசு” என்ற அந்தஸ்து. உஸ்பெகிஸ்தானுக்கும் கஸகஸ்தானுக்கும் கிடைத்த “ஒன்றியக் குடியரசு” அந்தஸ்து அவர்களுக்குக் கிடைக்கவேயில்லை. ஒன்றியக் குடியரசாக இருப்பதற்கு சோவியத் யூனியனின் வெளி எல்லையைத் தொட்டிருக்க வேண்டும் என்று 1936இல் ஸ்டாலின் விளக்கம் சொன்னார். தத்தார் குடியரசு நாலாபுறமும் ரஷ்யாவால் சூழப்பட்டது. அன்றைக்கு அது வெறும் நிர்வாகப் பாகுபாடாகத் தெரிந்திருக்கும். மொஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ் நூல்களை வாசித்து வளர்ந்த தலைமுறை நான். முன்னேற்றப் பதிப்பகத்தின் வழுவழுப்பான பக்கங்களில் தேசிய இனப் பிரச்சினை தீர்ந்துபோய்விட்டது என்றுதான் படித்தோம். 1991இல் யூனியன் உடைந்தபோது, பதினைந்து இலட்சம் பேர் வாழ்ந்த எஸ்தோனியா தனி நாடாகியது. முப்பத்தாறு இலட்சம் பேர் வாழ்ந்த தத்தாரிஸ்தான் ரஷ்யாவின் ஒரு பகுதியாகவே நின்றது. பழைய பாகுபாடு நாடுகளையும் நாடற்றவர்களையும் பிரிக்கும் எல்லையாகிவிட்டது.

அந்த உடைவு நெருங்கிய நாட்களில்தான் கதை சூடு பிடிக்கிறது. 1990 ஓகஸ்டில் போரிஸ் யெல்ட்சின் கசானுக்கு வந்தார். கொர்பச்சேவோடு அவருக்கு அதிகாரப் போட்டி. குடியரசுகளின் ஆதரவு தேவைப்பட்டது. உங்களால் விழுங்க முடிந்த அளவு இறைமையை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் அவர் அங்கு சொன்ன வார்த்தை பிரசித்தமானது. கசான் தாமதிக்கவில்லை. அதே மாதம் 30ஆம் திகதி, தத்தாரிஸ்தானின் சட்டசபை இறைமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது.

அதை நடத்தியவர் மின்திமேர் ஷைமியேவ். பழைய கம்யூனிஸ்ட் கட்சியின் பிரதேசத் தலைவர், புரட்சியாளர் அல்ல. 1991 ஓகஸ்டில் மொஸ்கோவில் நடந்த தோல்வியுற்ற சதிப்புரட்சியை அவர் ஆதரித்தார் என்பதும் உண்மை. கசானின் சுதந்திர சதுக்கத்தில் தேசியவாதிகள் ஆயிரக்கணக்கில் கூடிக் கோஷமிட்டபோது, அவர் அவர்களை அடக்கவுமில்லை, அவர்கள் பின்னால் போகவுமில்லை. “பாருங்கள், நான் இல்லாவிட்டால் இவர்களோடுதான் பேசவேண்டி வரும்” என்று மொஸ்கோவுக்குச் சொல்லாமல் சொல்வதற்கு அந்தக் கூட்டம் அவருக்கு உதவியது. அவருக்கு வேறு கணக்குகளும் இருந்தன. 1989 குடிசனமதிப்பின்படி குடியரசில் தத்தார்கள் 48.5 வீதம், ரஷ்யர்கள் 43.3 வீதம். பாதிப்பேர் ரஷ்யர்களாக உள்ள ஒரு நிலத்தில் தனிநாட்டுக் கோஷம் வீட்டுக்குள் தீ வைப்பதற்குச் சமம். மறுபுறம், றொமாஷ்கினோ எண்ணெய் வயலும், காமஸ் லொறித் தொழிற்சாலையும் அவர் கையில் இருந்தன.

1992 மார்ச் 21ஆம் திகதி சர்வஜன வாக்கெடுப்பு நடந்தது. தத்தாரிஸ்தான் இறைமையுள்ள அரசு, சர்வதேசச் சட்டத்தின் கீழ் உரித்துடைய தரப்பு, ரஷ்யாவோடு சமத்துவமான உடன்படிக்கை மூலம் உறவு வைப்பது என்பதை ஏற்கிறீர்களா என்பது கேள்வி. ரஷ்ய அரசியலமைப்பு நீதிமன்றம் அதற்கு முந்திய வாரமே அக்கேள்வியை எதிர்த்துத் தீர்ப்பளித்திருந்தது. இருந்தும் வாக்களித்தோரில் 61.4 வீதமானோர் “ஆம்” என்றார்கள். தத்தார்களின் வாக்கு மட்டும் இந்தத் தொகைக்குப் போதாது. ரஷ்யர்களில் ஒரு பகுதியினரும் ஆதரித்திருக்க வேண்டும். எண்ணெய் வருமானம் மொஸ்கோவுக்குப் போகாமல் இங்கேயே நின்றால் யாருக்குத்தான் கசக்கும்?

பத்து நாள் கழித்து மொஸ்கோவில் சமஷ்டி உடன்படிக்கை கைச்சாத்தானது. தத்தாரிஸ்தானும் செச்னியாவும் அதில் கையெழுத்திட மறுத்தன. 1993 டிசம்பரில் ரஷ்யாவின் புதிய அரசியலமைப்பு வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது, தத்தாரிஸ்தானில் வாக்களிக்கப் போனவர்கள் 15 வீதத்துக்கும் குறைவு. சத்தமில்லாத பகிஷ்கரிப்பு.

மூன்று வருடப் பேச்சுவார்த்தையின் விளைவு 1994 பெப்ரவரி 15ஆம் திகதி வந்தது. மொஸ்கோவும் கசானும் அதிகாரங்களை வரையறுத்துக்கொள்ளும் உடன்படிக்கையில் யெல்ட்சினும் ஷைமியேவும் கையெழுத்திட்டார்கள். தத்தாரிஸ்தானின் 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தன் குடியரசை ரஷ்யாவோடு “இணைவுறவு கொண்ட” அரசு என்றது. உடன்படிக்கையோ ரஷ்யாவோடு “ஒன்றிணைந்த” அரசு என்றது. “இறைமை” என்ற வார்த்தையே உடன்படிக்கையில் இல்லை. இரு தரப்பும் தங்கள் வீட்டில் போய் வெற்றி என்று சொல்லிக்கொள்ள இடம் வைத்து எழுதிய ஆவணம் அது. ஆனால் உள்ளடக்கம் வெறுமையானதல்ல. வரவு செலவு, இயற்கை வளம், குடியுரிமை, வெளிநாட்டு வர்த்தகம், வெளிநாடுகளோடு நேரடி உடன்பாடுகள் என்று பெரிய அதிகாரங்கள் கிடைத்தன. மாகாண சபைச் சட்டத்தில் காணி, பொலிஸ் அதிகாரங்கள் எழுத்தில் மட்டும் இருப்பதைப் பார்த்துப் பழகிய எமக்கு, ஒரு மாகாணம் வெளிநாடுகளில் தன் பிரதிநிதிகளை வைத்திருந்தது என்பது நம்பமுடியாததாக இருக்கும். வைத்திருந்தார்கள். துருக்கியோடும் அரபு நாடுகளோடும் கசான் தானாகவே தொடர்பு ஏற்படுத்தியது. ஷைமியேவ் வெளிநாடு போனால் ஓர் அரச தலைவருக்குரிய வரவேற்பை எதிர்பார்த்தார். பல இடங்களில் அது கிடைக்கவும் செய்தது.

அதே வருடம் டிசம்பர் 11ஆம் திகதி ரஷ்யப் படை செச்னியாவுக்குள் நுழைந்தது. இரண்டு முஸ்லிம் குடியரசுகள், ஒரே கோரிக்கை, ஒரே ஜனாதிபதி. ஒன்றுக்கு உடன்படிக்கை, மற்றதற்குத் தாங்கிகள். செச்னியத் தலைவர் துதாயேவை யெல்ட்சின் நேருக்கு நேர் சந்திக்க மறுத்துவிட்டார். ஷைமியேவ் புத்திசாலி, துதாயேவ் பிடிவாதக்காரர் என்று கதையை முடித்துவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1944இல் ஒட்டுமொத்தச் சமூகமாக நாடு கடத்தப்பட்ட மக்களின் மனநிலை வேறு. வொல்கா நகரங்களில் ரஷ்யர்களோடு கலந்து வாழ்ந்த மக்களின் மனநிலை வேறு. செச்னியாவுக்கு மலையும் வெளி எல்லையும் இருந்தன; தத்தாரிஸ்தானுக்கு ஓடி ஒளிய ஒரு பக்கமும் இல்லை. பேரம் பேசுவது அவர்களுடைய தெரிவு மட்டுமல்ல, விதியும்கூட. க்ரோஸ்னி நகரின் இடிபாடுகளைப் படத்தில் பார்த்த எவரும் அந்தப் பேரத்தைக் கோழைத்தனம் என்று சொல்லத் துணியமாட்டார்கள். ஆனால் அந்தப் பேரத்துக்கு உள்ளூரில் ஒரு விலை இருந்தது. 1991இலும் 1996இலும் ஷைமியேவ் எதிர் வேட்பாளர் இல்லாமலே தெரிவானார். இறைமை வந்தது; ஜனநாயகம் அதோடு சேர்ந்து வரவில்லை. பின்னர் மொஸ்கோ நெருக்கியபோது, தெருவில் இறங்கிக் காப்பாற்ற ஆளில்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதற்கிடையில் மொஸ்கோவின் வெளிநாட்டுக் கொள்கையே திசை மாறியது. யெல்ட்சினின் முதல் வெளிநாட்டமைச்சர் கொஸிரேவ் மேற்கு நாடுகளோடு ஒட்டிப்போவதே ரஷ்யாவின் எதிர்காலம் என்று நம்பியவர். நேட்டோ கிழக்கே விரிவடையத் தயாரானதும் அந்த நம்பிக்கை உடைந்தது. 1996 ஜனவரியில் அவர் இடத்துக்கு யெவ்கெனி பிரிமகோவ் வந்தார். கெய்ரோவில் பத்திரிகை நிருபராக இருந்து, கீழைத்தேயவியல் நிறுவனத்தின் பணிப்பாளராகப் பணியாற்றிய, அரபு தெரிந்த மனிதர். உலகுக்கு ஒரே துருவம் கூடாது. சீனா, இந்தியா, முஸ்லிம் நாடுகள் ஆகியவற்றோடு உறவு வேண்டும் என்பது அவரது வழி. இன்றைய ரஷ்யக் கொள்கையின் அடித்தளம் அவர் போட்டதுதான்.

ஆனால் முஸ்லிம் நாடுகளோடு உறவு வேண்டுமென்றால் சொந்த முஸ்லிம்களின் குரலையும் கேட்க வேண்டுமே! 1999 மார்ச் 24ஆம் திகதி நேட்டோ யூகோஸ்லாவியா மீது குண்டு வீசத் தொடங்கியது. அப்போது பிரதமராக இருந்த பிரிமகோவ், அமெரிக்காவுக்குப் பறந்துகொண்டிருந்த தன் விமானத்தை அத்லாந்திக் சமுத்திரத்துக்கு மேலே வைத்துத் திருப்பினார். சேர்பியச் சகோதரர்களுக்குத் தொண்டர்படை அனுப்புவோம் என்று மொஸ்கோவில் தேசியவாதிகள் முழங்கினார்கள். அப்படியென்றால் கொசோவோ முஸ்லிம்களுக்கு உதவத் தத்தார் தொண்டர்களும் போகலாமே என்று ஷைமியேவ் எச்சரித்தார். ரஷ்யாவின் ஒரு மாநிலத் தலைவர், ரஷ்யாவின் வெளிநாட்டுக் கொள்கையைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டுவிட்டுப் பதவியிலும் நிலைத்திருந்தார். கசானின் அரசியல் வலிமை உச்சத்தைத் தொட்ட நேரம் அது என்றே நான் கருதுகிறேன்.

அதே 1999 செப்டெம்பரில், தத்தார் மொழியை மீண்டும் லத்தீன் எழுத்துக்குக் கொண்டுபோகக் கசான் ஒரு சட்டம் இயற்றியது. அரபு எழுத்தை மீட்க முடியாது. குறைந்தபட்சம் சிரிலிக்கை விட்டு விலகலாம், துருக்கிய உலகோடு சேரலாம் என்பது யோசனை. மொஸ்கோ இதை எழுத்து விவகாரமாகப் பார்க்கவில்லை. பிரிவினையின் முதல் படியாகப் பார்த்தது. 2002இல் சமஷ்டிச் சட்டம் திருத்தப்பட்டது: குடியரசுகளின் அரச மொழிகள் யாவும் சிரிலிக்கிலேயே எழுதப்பட வேண்டும். 2004 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரு மொழி எந்த எழுத்தில் எழுதப்பட வேண்டும் என்பதை, அந்த மொழி தெரியாதவர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட சபை முடிவு செய்தது.

புட்டின் ஜனாதிபதியாகிவிட்டிருந்த காலம் இது. 2000ஆம் ஆண்டு அவர் நாட்டை ஏழு சமஷ்டி மாவட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தன் தூதுவரை நியமித்தார். குடியரசுகள் இறைமை கொண்டாட முடியாது என்று அதே வருடம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002இல் தத்தாரிஸ்தான் தன் அரசியலமைப்பைத் திருத்தி எழுதியது. 2004 செப்டெம்பரில் பெஸ்லான் பாடசாலைப் படுகொலை நடந்தது. பயங்கரவாதத்தை ஒடுக்குவதற்கென்று சொல்லி, மாநிலத் தலைவர்களை மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்யும் தேர்தலையும் புட்டின் நீக்கினார். பெஸ்லானுக்கும் கசானின் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அன்று அதிகம் பேர் இருக்கவில்லை.

இனி வெளியே பாருங்கள். இரண்டாம் செச்னிய யுத்தத்தால் முஸ்லிம் நாடுகளில் ரஷ்யாவின் பெயர் கெட்டுப்போயிருந்தது. 2003 ஒக்டோபரில், மலேசியாவின் புத்ராஜாயாவில் நடந்த இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் உச்சி மாநாட்டில் புட்டின் வந்து நின்றார். ரஷ்யாவில் பல இலட்சம் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள், அவர்கள் வெளியே இருந்து வந்தவர்கள் அல்லர், எனவே இந்தச் சபையில் ரஷ்யாவுக்கும் இடம் உண்டு என்பது அவரது வாதம். வரலாற்று ரீதியாக முழுக்கச் சரியான வாதம். 922ஐயும் இப்னு பழ்லானையும் கசானின் மினாராக்களையும் சாட்சிக்கு அழைக்கும் வாதம். 2005இல் அவதானிப்பாளர் அந்தஸ்து கிடைத்தது. 2006இல் “ரஷ்யா – இஸ்லாமிய உலகம்” என்ற மூலோபாயக் குழு அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர்கள் பிரிமகோவும் ஷைமியேவும். இப்போது அதன் தலைவர் ஷைமியேவுக்குப் பின் தத்தாரிஸ்தானை ஆளும் ருஸ்தம் மின்னிகானொவ். 2009 முதல் கசானில் வருடாவருடம் முஸ்லிம் நாடுகளுடனான பொருளாதார மாநாடு நடக்கிறது.

கசான் தொண்ணூறுகளில் தன் இறைமையைக் காட்டுவதற்காகத் திறந்த வெளிநாட்டுக் கதவுகளை மொஸ்கோ மூடவில்லை. அப்படியே திறந்திருக்கவிட்டு, வாசலில் தன் பெயர்ப்பலகையை மாட்டியது. கசானின் தலைவர் இன்றும் ரியாதுக்கும் அங்காராவுக்கும் போகிறார். போவது தன் குடியரசின் சார்பில் மட்டுமல்ல, மொஸ்கோவின் சார்பிலும்தான்.

இதற்கு 2014 கிரைமியா விவகாரம் தெளிவான உதாரணம். கிரைமியத் தத்தார்கள் வொல்காத் தத்தார்களின் தூரத்து உறவுக்காரர்கள். 1944 மே மாதம் ஸ்டாலினால் ஒட்டுமொத்தமாக நாடு கடத்தப்பட்டு, எண்பதுகளின் இறுதியில் திரும்பி வந்தவர்கள். ரஷ்யா கிரைமியாவைக் கைப்பற்றியபோது அவர்கள் எதிர்த்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த மொஸ்கோ யாரை அனுப்பியது? மின்னிகானொவ் கிரைமியாவுக்குப் போனார். மொஸ்கோவுக்கு வந்த கிரைமியத் தத்தார் தலைவர் முஸ்தபா ஜெமிலேவை ஷைமியேவ் சந்தித்தார். அங்கிருந்து புட்டினோடு தொலைபேசியில் பேசவும் வழி செய்யப்பட்டது. ரஷ்யாவுக்குள் ஒரு முஸ்லிம் குடியரசு செழிப்பாக வாழலாம் என்பதற்குக் கசானே சாட்சி என்பதுதான் தூது. ஜெமிலேவ் ஏற்கவில்லை. 2016 ஏப்ரலில் கிரைமியத் தத்தார்களின் மஜ்லிஸ் தீவிரவாத அமைப்பு என்று தடை செய்யப்பட்டது.

2015 நவம்பரில் துருக்கி ஒரு ரஷ்யப் போர்விமானத்தைச் சுட்டு வீழ்த்தியபோது நிலைமை மறுபக்கம் திரும்பியது. துருக்கிய மொழி பேசும் மக்களின் பண்பாட்டு அமைப்பான துர்க்சோயிலிருந்து விலகுமாறு ரஷ்யாவின் கலாசார அமைச்சு குடியரசுகளுக்கு அறிவித்தது. கால் நூற்றாண்டாகக் கசான் கட்டியெழுப்பிய உறவு மொஸ்கோவின் ஒரு கடிதத்தில் தொங்கியது. மொஸ்கோவும் அங்காராவும் 2016இல் சமாதானமானதும் கசானின் துருக்கிய நட்பு மறுபடியும் பயனுள்ளதாகிவிட்டது.

உடன்படிக்கை என்னவாயிற்று? 2007இல் அதைப் புதுப்பித்தார்கள். பழையதன் நிழல் போன்ற ஒன்று, பத்து வருடத்துக்கு. 2017இல் காலாவதியானபோது மொஸ்கோ புதுப்பிக்கவில்லை. ரத்துச் செய்யவும் இல்லை. திகதி கடந்துபோனது, அவ்வளவுதான்.

அதே 2017 ஜூலையில், தாய்மொழி அல்லாத ஒரு மொழியைப் படிக்குமாறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று புட்டின் ஒரு கூட்டத்தில் சொன்னார். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. தத்தாரிஸ்தான் பாடசாலைகளில் ரஷ்யப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் வாரத்தில் ஐந்தாறு மணித்தியாலம் தத்தார் மொழி படிக்க வேண்டியிருந்தது. ரஷ்யப் பெற்றோரில் பலருக்கு அது நீண்டகால முறைப்பாடு. அந்த முறைப்பாட்டைப் பொய் என்று ஒதுக்க மாட்டேன். ஆனால் அந்த விதி ஒரு வழிப் பாதை. தத்தார் பிள்ளைக்கு ரஷ்ய மொழி கட்டாயம். ரஷ்யப் பிள்ளைக்குத் தத்தார் மொழி விருப்பம். அரச வழக்குத்தொடுநர்கள் பாடசாலை பாடசாலையாகச் சோதனைக்குப் போனார்கள். நவம்பர் 29ஆம் திகதி தத்தாரிஸ்தானின் சட்டசபை அடிபணிந்தது: பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதத்தோடு, வாரத்தில் இரண்டு மணித்தியாலம். அடுத்த வருடம் அது முழு ரஷ்யாவுக்குமான சட்டமாகியது. தத்தார் மொழி ஆசிரியர்கள் பலர் வேறு பாடம் கற்பிக்கப் பயிற்சிக்குப் போனார்கள். 1999இல் எந்த எழுத்தில் எழுதுவது என்று வாதாடிய சமூகம், பதினெட்டு வருடத்தில் எத்தனை மணித்தியாலம் படிப்பது என்று கெஞ்சும் நிலைக்கு வந்தது.

பட்டமும் போனது. குடியரசுத் தலைவர்கள் தம்மை “ஜனாதிபதி” என்று அழைக்கக் கூடாது என்ற விதிக்குக் கடைசிவரை தாக்குப்பிடித்தது தத்தாரிஸ்தான் மட்டும்தான். 2023 பெப்ரவரி முதல் மின்னிகானொவின் பதவிப்பெயர் “ரஈஸ்”. எமக்கு நன்கு தெரிந்த அரபுச் சொல். எகிப்தில் ஜனாதிபதியையே அப்படித்தான் சொல்வார்கள். கசானுக்கு வரும் அரபு விருந்தாளிக்கு எந்தக் குறையும் தெரியாது. அவர் காதுக்கு இன்னும் இனிமையாகவே கேட்கும்.

மார்க்க விடயத்தில் குறை சொல்ல முடியாது என்று பலர் வாதிக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. பொல்கார் நகரில் 2017இல் இஸ்லாமியக் கலாபீடம் திறக்கப்பட்டது. 2022இல் வொல்காவில் இஸ்லாம் நுழைந்த 1100ஆவது ஆண்டு அரச விழாவாகக் கொண்டாடப்பட்டது. சோவியத் காலத்தில் பூட்டிக் கிடந்த பள்ளிவாசல்களை நினைத்தால் இது சின்ன மாற்றமல்ல. ஆனால் அதே 2022இல், எண்பதுகளின் இறுதி முதல் இயங்கிவந்த அனைத்துத் தத்தார் சமூக மையத்தை நீதிமன்றம் கலைத்துவிட்டது. மார்க்கம் வெளிநாட்டு உறவுக்கு உதவுகிறது. மொழியும் அரசியல் உரிமையும் உதவுவதில்லை. எதை வளர்ப்பது, எதை வாட விடுவது என்பது அந்தக் கணக்கில்தான் தீர்மானமாகிறது போலும். 2010 குடிசனமதிப்பில் ரஷ்யாவில் 53 இலட்சமாக இருந்த தத்தார்கள், 2021இல் 47 இலட்சம். அந்தக் கணக்கெடுப்பின் தரம் பற்றி நியாயமான சந்தேகங்கள் உள்ளன. கணிசமானோர் இனத்தைக் குறிப்பிடவுமில்லை. எப்படியானாலும் திசை தெரிகிறது.

உக்ரேன் யுத்தத்துக்குப் பிறகு மேற்குக் கதவுகள் மூடிக்கொண்டதால், மொஸ்கோவுக்குக் கசானின் பெறுமதி இன்னும் கூடிவிட்டது. 2024 ஒக்டோபர் 22 முதல் 24 வரை பிரிக்ஸ் உச்சி மாநாடு அங்கேதான் நடந்தது. இலங்கையிலிருந்தும் வெளிநாட்டமைச்சின் செயலாளர் தலைமையில் ஒரு குழு போனது. கசானுக்குப் போகும் முஸ்லிம் தூதுக்குழுக்கள் பார்க்கும் இடங்களில் குல் ஷரீப் பள்ளிவாசல் முதன்மையானது. நீலக் குவிமாடம், வெண்ணிற மினாராக்கள், பக்கத்திலேயே பழைய தேவாலயம். பார்ப்பவர் மனம் நிறையத்தான் செய்யும்.

அந்த இமாமும் அவரோடு இருந்தவர்களும் 1552இல் உயிர்நீத்த நாளைத் தத்தார்கள் ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் நடுப்பகுதியில் நினைவுகூர்ந்து வந்தார்கள். தொண்ணூறுகளில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகக் கோட்டை வரை போனார்கள். சமீப ஆண்டுகளில் அந்த ஊர்வலத்துக்கு நகர நிர்வாகத்தின் அனுமதி கிடைப்பதில்லை.